கணினிச் சுட்டியால் ஏற்படும் கைவலி

கணினிச் சுட்டியால் ஏற்படும் கைவலி என்பது, கணினியின் சுட்டியை நாள்தோறும் பல மணி நேரம் இயக்குவதால் விரல்கள், மணிக்கட்டு, முன்கை, தோள் ஆகிய இடங்களில் தோன்றும் வலி, களைப்பு, எரிச்சல், மரத்துப்போதல் ஆகியவற்றைக் குறிக்கும். இது தனி ஒரு நோய் அன்று. தசைக் களைப்பு முதல் நரம்பு அழுத்தம் வரை பல நிலைகளுக்குப் பொதுவாக வழங்கும் பெயராகும். ஆர்.எஸ்.ஐ. என்று பரவலாக அறியப்படும், ஒரே இயக்கத்தைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் காயங்களின் வகையில் இதுவும் சேர்க்கப்படுகின்றது.

சொடுக்குவதே வலிக்குக் காரணம் எனப் பலர் எண்ணுகின்றனர். ஆனால் சொடுக்குவதைவிட, சுட்டியை இறுகப் பிடித்திருத்தல், பொத்தானை அழுத்தியபடியே இழுத்தல், வேலை இல்லாதபோதும் விரல்களைப் பொத்தான்மேல் தூக்கியபடி வைத்திருத்தல் ஆகியவையே கையை அதிகம் களைப்படையச் செய்கின்றன. தடுப்பு முறைகள் பெரும்பாலும் இந்த ஒரு செய்தியிலிருந்தே பெறப்படுகின்றன.

வரலாறு

ஒரே வேலையைச் செய்யும் கைக்கு வலி வரும் என்பது கணினிக்கு முன்பே அறியப்பட்டதாகும். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசீனி, தொழிலாளர் நோய்களைப் பற்றிய தமது நூலின் 1713 ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களின் கைவலியைக் குறிப்பிட்டு, அதற்கு மூன்று காரணங்களைக் கூறினார்: ஓயாது உட்கார்ந்திருத்தல், கையை ஒரே திசையில் தொடர்ந்து அசைத்தல், பிழை நேராமல் எழுத வேண்டும் என்னும் மன அழுத்தம். இறகுப் பேனாவின் இடத்தில் சுட்டியை வைத்துப் படித்தாலும் இம்மூன்றில் ஒன்றைக்கூட நீக்க வேண்டியதில்லை. பின்னர் தந்தி இயக்குநர்களிடம் இதே வகைத் தொல்லை காணப்பட்டது. பிரித்தானியாவில் 1908 ஆம் ஆண்டில் அது இழப்பீடு பெறத்தக்க தொழில்நோயாக ஏற்கப்பட்டது.

சுட்டியை வடிவமைத்தவர் அமெரிக்கரான டக்ளஸ் எங்கல்பார்ட் ஆவார். முதல் மாதிரி 1964 ஆம் ஆண்டில் மரப்பெட்டி வடிவில், ஒரே பொத்தானுடன் செய்யப்பட்டது. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பொதுவெளியில் இது செய்து காட்டப்பட்டது. 1984 ஆம் ஆண்டில் மக்கின்டாஷ் கணினி வந்தபின் சுட்டி பரவலான பயன்பாட்டுக்கு வந்தது.

உடலில் நிகழ்வது

விரல்களை இயக்கும் முதன்மையான தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் உள்ளன. அங்கிருந்து நீண்ட தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களை அடைகின்றன. இதனை எவரும் சோதித்துப் பார்க்கலாம். வலது முன்கையை மேசைமேல் கவிழ்த்து வைத்து, முழங்கைக்குச் சற்றுக் கீழே மேற்புறத்தில் இடது கையை வைத்துக்கொண்டு, வலது ஆள்காட்டி விரலை மட்டும் மெல்லத் தூக்கினால், தசை அசைவது இடது கைக்குத் தெரியும். சுட்டியின் பொத்தான்மேல் விரலை அழுத்தாமல் வைத்திருக்கும் நேரம் முழுவதும் இத்தசை வேலை செய்துகொண்டே இருக்கின்றது. சுட்டி இயக்குவோர் பலருக்கு விரலில் அன்றி முழங்கையின் வெளிப்புறத்தில் வலி வருவதற்கு இது ஒரு காரணமாகும்.

பெரிய வேலையே இல்லாதபோது தசை ஏன் வலிக்க வேண்டும் என்னும் கேள்விக்கு, சுவீடன் ஆய்வாளர் யோரன் ஹேக் 1991 ஆம் ஆண்டில் ஒரு கருதுகோளை முன்வைத்தார். ஒரு தசையில் உள்ள இழைத்தொகுதிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. மெல்லிய வேலைக்குச் சிறிய தொகுதிகளே முதலில் அழைக்கப்படுகின்றன. தசை முழுவதுமாகத் தளரும்வரை அவற்றுக்கு விடுதலை இல்லை. முதலில் எழுந்து கடைசியில் உறங்கப் போகும் கதைப்பெண்ணின் பெயரால் இது சின்ட்ரெல்லா கருதுகோள் எனப்படுகின்றது. இதன்படி, எடை தூக்குவோரின் தசையைவிட, எடையே இல்லாத பொருளை எட்டு மணி நேரம் பிடித்திருப்போரின் தசையில் சில இழைகள் அதிகமாக உழைக்கின்றன.

இரண்டாவது சிக்கல் மணிக்கட்டில் உள்ளது. மணிக்கட்டு எலும்புகளுக்கும் அவற்றின்மேல் கட்டப்பட்ட உறுதியான தசைநாருக்கும் இடையே குகை போன்ற குறுகிய வழி ஒன்று உள்ளது. அதன் வழியாக ஒன்பது தசைநாண்களும் நடு நரம்பும் செல்கின்றன. குகைக்குள் அழுத்தம் கூடினால் முதலில் பாதிக்கப்படுவது நரம்பேயாகும். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவை மரத்துப்போகும். இந்நிலை மணிக்கட்டுக் குகை நோய் அல்லது கார்ப்பல் டனல் சின்ட்ரோம் எனப்படும். 14 பேரைக் கொண்டு நடத்தி 1999 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வில், சுட்டியின்மேல் கையைச் சும்மா வைத்திருக்கும்போது இருந்ததைவிட, பொத்தானை அழுத்தி இழுக்கும்போது குகையின் அழுத்தம் தெளிவாக உயர்ந்தது. சராசரியாக 30 மில்லிமீட்டர் பாதரச அளவை ஒட்டி அது இருந்தது. நரம்பின் செயல் மாறத் தொடங்குவதாகக் கருதப்படும் அளவும் ஏறத்தாழ அதுவேயாகும்.

எனினும் கைவலி எல்லாமே மணிக்கட்டுக் குகை நோய் என்று அஞ்சத் தேவையில்லை. டென்மார்க்கில் 6,943 பணியாளர்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்து 2003 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு, கணினிப் பயன்பாடு இந்நோய்க்குப் பெரிய இடர் அன்று என்று முடிவு கூறியது. விசைப்பலகையோடு நோய்க்குத் தொடர்பு காணப்படவில்லை. ஆனால் வாரத்தில் 20 மணி நேரத்துக்கு மேல் சுட்டியைப் பயன்படுத்துவோரிடம் அறிகுறிகள் கூடுவது தெரிந்தது. தட்டச்சைவிடச் சுட்டியையே கவனிக்க வேண்டும் என்பதற்கு இது போதிய காரணமாகும்.

கொங்கு நாட்டில்

கோயம்புத்தூர் வட்டாரத்தின் தொழில்கள் கையை நம்பியே வளர்ந்தவை. 1888 ஆம் ஆண்டில் தொடங்கிய முதல் நூற்பாலை, 1932 ஆம் ஆண்டில் வந்த பைக்காரா மின்சாரம், அதன்பின் பெருகிய பஞ்சாலைகள், வார்ப்பாலைகள், நீரேற்றிப் பட்டறைகள் ஆகிய எல்லாவற்றிலும் இயந்திரத்தில் கை சிக்கும் விபத்துகள் நேர்ந்துவந்தன. 1978 ஆம் ஆண்டில் கோவையில் தொடங்கப்பட்ட கங்கா மருத்துவமனை, கை அறுவை மருத்துவத்திற்கு நாடு முழுவதும் அறியப்படுகின்றது. ஆகவே கைக்காயம் இவ்வூருக்குப் புதியதன்று. இரத்தம் வராத, வெளியே தெரியாத காயமே புதியதாகும். பட்டறையில் விரலில் கட்டுப் போட்டவரை வேலைக்கு வா என்று எவரும் அழைப்பதில்லை. சுட்டியால் கை வலிப்பவரிடம் அது வலியா சோம்பலா என்று கேட்பவர்கள் உண்டு.

2010 ஆம் ஆண்டில் பீளமேட்டுப் பகுதியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. சரவணம்பட்டி, கீரணத்தம் பகுதிகளிலும் மென்பொருள் நிறுவனங்கள் வளர்ந்தன. ஆனால் இவ்வட்டாரத்தில் சுட்டியை மிகக் கடுமையாகப் பயன்படுத்துவோர் நிரலாளர்கள் அல்லர். அவர்கள் பெரும்பாலும் விசைப்பலகையில் வேலை செய்பவர்கள். நீரேற்றிகளுக்கும் வார்ப்புகளுக்கும் கணினியில் வரைபடம் வரைவோர், திருப்பூரில் பின்னலாடைகளுக்கு அளவுப் படிவமும் அச்சு வடிவமும் பூவேலை வடிவமும் அமைப்போர், டி.டி.பி. கடைகளில் திருமண அழைப்பிதழ் வடிவமைப்போர் ஆகியோரே அன்றாடம் பொத்தானை அழுத்தி இழுத்துக்கொண்டே இருப்பவர்கள். ஆட்டோகேட் போன்ற மென்பொருள்களில் வரைபடத்தை நகர்த்துவதற்குச் சுட்டியின் உருளையை நடுவிரலால் அழுத்தியபடியே கையை நகர்த்த வேண்டும். ஒரு விரல் அழுத்தவும் மற்றவை பிடிக்கவும் முன்கை நகரவும் ஒரே நேரத்தில் நிகழும் இவ்வசைவு, எளிய சொடுக்குதலைவிடப் பல மடங்கு கடினமானது.

கைவலியைக் கணினியோடு மட்டும் இணைத்துப் பார்ப்பதும் சரியன்று. அவிநாசியிலிருந்தோ பொள்ளாச்சியிலிருந்தோ இருசக்கர ஊர்தியில் நாள்தோறும் வருபவரின் வலது கை, முடுக்கியைத் திருகியபடி அதிர்வையும் தாங்கிக்கொண்டு அலுவலகம் வந்து சேர்கின்றது. வீடு திரும்பியபின் துணி பிழிதல், தேங்காய் துருவுதல், சப்பாத்தி தேய்த்தல் ஆகியவையும் அதே மணிக்கட்டைத்தான் நாடுகின்றன. இவ்வகையில் பெண்களுக்குச் சுமை கூடுதலாகும். கோவையில் உருவான மாவரைக்கும் கிரைண்டர் ஆட்டுக்கல்லின் உழைப்பைக் குறைத்தது. எனினும் ஆட்டுக்கல்லில் தோள் முதல் விரல் வரை முழுக்கையும் சுழன்றது. மாவைத் தள்ளிவிட மறு கை உதவியது. மாவு அரைபட்டதும் வேலை முடிந்தது. சுட்டியில் இம்மூன்றும் இல்லை.

தடுப்பு முறைகள்

மேசையும் இருக்கையும்

நம் அலுவலக மேசைகள் பொதுவாக 75 செ.மீ. அளவு உயரமானவை. சராசரி உயரமுள்ள பெண்களுக்கும் உயரம் குறைந்த ஆண்களுக்கும் இது அதிகம். தோளை உயர்த்தியே சுட்டியைப் பிடிக்க நேரிடுவதால் கழுத்து வரை வலி பரவுகின்றது. மேசையைக் குறைக்க இயலாதாயின் இருக்கையை உயர்த்தி, பாதங்களுக்குக் கீழே ஒரு பலகையையோ பழைய புத்தகக் கட்டையோ வைத்துக்கொள்ளலாம். முழங்கை உடலை ஒட்டி, ஏறத்தாழ செங்கோணத்தில் மடங்கி, முன்கை மேசையிலோ இருக்கையின் கைப்பிடியிலோ தாங்கப்பட்டிருக்க வேண்டும்.

விசைப்பலகைக்கென இழுப்புத் தட்டு பொருத்திய கணினி மேசை இங்கே மிகப் பரவலாக உள்ளது. இணைய உலாவு மையங்கள் பெருகிய காலத்தில் வந்த இவ்வடிவம் பல வீடுகளிலும் கடைகளிலும் இன்றும் இருக்கின்றது. அத்தட்டில் விசைப்பலகைக்கு மட்டுமே இடம் உண்டு. சுட்டி மேலே, திரைக்கு அருகில், கை எட்டும் தொலைவின் எல்லையில் நிற்கும். கையை நீட்டித் தூக்கியபடியே நாள் முழுதும் வேலை செய்ய வைக்கும் இவ்வமைப்பு, இக்கட்டுரையில் கூறப்படும் தவறுகளில் மிகப் பெரியதாகும். விசைப்பலகையையும் மேசையின்மேல் ஏற்றி, இருக்கையை உயர்த்திக்கொள்வதே எளிய தீர்வு. தட்டைக் கழற்றிவிட்டால் முழங்காலுக்கும் இடம் கிடைக்கும்.

வலக்கையர்களுக்கு விசைப்பலகையின் வலப்புற எண்பகுதியும் ஒரு தடையாகும். அது சுட்டியை ஏறத்தாழ நான்கு விரற்கிடை வெளியே தள்ளிவிடுகின்றது. கணக்கு வேலை செய்யாதவர்கள் எண்பகுதி இல்லாத விசைப்பலகையைப் பயன்படுத்தலாம்.

2020 மார்ச்சில் தொடங்கிய ஊரடங்கின்போது கட்டிலிலும் சாப்பாட்டு மேசையிலும் மடிக்கணினியை வைத்து வேலை செய்யும் வழக்கம் பரவியது. மடிக்கணினியைச் சில புத்தகங்களின்மேல் உயர்த்தி, தனி விசைப்பலகையும் தனிச் சுட்டியும் இணைத்தால் அது ஒரு மேசைக் கணினிக்கு நிகராகும்.

பிடிக்கும் முறை

சுட்டியைக் கோழிமுட்டையைப் பிடிப்பது போலப் பிடிக்க வேண்டும். நாமக்கல்லார்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மணிக்கட்டை ஊன்றி விசிறி போல இடவலமாக ஆட்டாமல், முழங்கையிலிருந்து முன்கை முழுவதையும் நகர்த்த வேண்டும். மணிக்கட்டு மேல்நோக்கியோ சுண்டுவிரல் பக்கமோ வளையாமல் நேராக இருத்தல் நன்று. உள்ளங்கையை நிறைக்காத சிறிய பயணச் சுட்டிகள் நாள் முழுதும் பயன்படுத்தத் தக்கவை அல்ல.

மெத்தை வைத்த சுட்டிப்பாய்கள் கைக்கு நல்லவை என்பது பாதி உண்மையே. மணிக்கட்டின் உட்புறத்தை மெத்தையில் அழுத்தியபடி சுட்டியை இயக்கினால் குகையின்மேல் அழுத்தம் கூடுகின்றது. இயக்காதபோது கையை இளைப்பாற வைக்க மட்டும் அதனைப் பயன்படுத்தலாம்.

எல்லாவற்றினும் பயன் தருவதும் செலவில்லாததும், படிக்கும்போது சுட்டியிலிருந்து கையை எடுத்துவிடுவதாகும். திரையில் உள்ளதைப் படிப்பதற்குச் சுட்டியைப் பிடித்திருக்கத் தேவையில்லை. கையை மடியில் வைக்கும் அந்த அரை நிமிடத்தில்தான் மேலே கூறிய சிறிய இழைத்தொகுதிகள் விடுதலை பெறுகின்றன. பழக்கமாவதற்குச் சில வாரங்கள் ஆகும். தொடக்கத்தில் கை தானாகவே சுட்டியைத் தேடிப் போகும்.

இழுத்தலைக் குறைத்தல்

நகலெடுத்தல், ஒட்டுதல், சேமித்தல், சாளரம் மாற்றுதல் போன்றவற்றைக் குறுக்குவிசைகளால் செய்யலாம். எல்லாக் குறுக்குவிசைகளையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்ய முயல்வதைவிட, வாரத்திற்கு ஒன்றாகக் கற்பது நிலைக்கும். படிவங்களை நிரப்பும்போது ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு டேப் விசையால் செல்லலாம். ஆட்டோகேடில் கோட்டிற்கு எல், வட்டத்திற்கு சி என இடது கையால் கட்டளையைத் தட்டி வேலை செய்யும் பழைய வரைவாளர்களின் பழக்கம், பட்டைகளில் படச்சின்னத்தைத் தேடிச் சொடுக்கும் புதிய பழக்கத்தைவிடக் கைக்கு நல்லது.

விண்டோசு இயங்குதளத்தின் சுட்டி அமைப்புகளில் சொடுக்குப் பூட்டு என்னும் வசதி உள்ளது. பொத்தானைச் சிறிது நேரம் அழுத்தி விட்டுவிட்டால், அழுத்தியிருப்பதாகவே கணினி கொள்ளும்; மீண்டும் ஒருமுறை சொடுக்கும்வரை விரலைத் தளர்த்தியபடியே இழுக்கலாம். அதே இடத்தில் சுட்டுக்குறியின் வேகத்தையும் மாற்றலாம். மிக மெதுவாக இருந்தால் கை நெடுந்தொலைவு நகர வேண்டும். மிக வேகமாக இருந்தால் சிறு இலக்கைப் பிடிக்க விரல்கள் இறுகும்.

திரை விசைப்பலகையில் ஒவ்வோர் எழுத்தாகச் சுட்டியால் சொடுக்கித் தமிழ் எழுதுவோர் இன்றும் உள்ளனர். தமிழ்நாடு அரசு 1999 ஆம் ஆண்டில் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைச் சில நாள் பயிற்சியில் கற்றுக்கொள்ளலாம். உயிர் இடப்புறமும் மெய் பெரும்பாலும் வலப்புறமுமாக அமைந்த அது, வேலையை இரு கைகளுக்கும் பகிர்ந்தளிக்கின்றது.

கை மாற்றுதல்

சுட்டியை இடது கைக்கு மாற்றுவது பலருக்குப் பயன் தந்துள்ளது. பொத்தான்களை இடவலமாக மாற்றிக்கொள்ளும் வசதி எல்லா இயங்குதளங்களிலும் உண்டு. முதல் நாளிலேயே முழு வேலையையும் இடது கைக்குக் கொடுத்தல் கூடாது. பழக்கமில்லாத கை இறுகப் பிடிக்கும். சில நாட்களில் இரு கைகளும் வலிக்கும். மின்னஞ்சல் படிப்பது போன்ற எளிய வேலைகளில் தொடங்கி மெல்ல நீட்டிக்க வேண்டும்.

ஓய்வு

2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தரவு உள்ளிடும் பணியாளர்களிடையே நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று வெளியாயிற்று. காலையும் மாலையும் வழங்கப்பட்ட 15 நிமிட இடைவேளைகளோடு, இடைவேளை இல்லாத ஒவ்வொரு மணிக்கும் 5 நிமிடம் கூடுதலாக விடப்பட்டது. ஒரு நாளில் 20 நிமிட வேலை நேரம் குறைந்தும் உள்ளிட்ட தரவின் அளவு குறையவில்லை. உடல் தொல்லையும் கண் களைப்பும் குறைந்தன. மேலாளர்களிடம் இடைவேளை கேட்போர் முதலில் எடுத்துக்காட்ட வேண்டிய முடிவு இதுவாகும்.

நேரம் போவது தெரியாதவர்களுக்கு வொர்க்ரேவ் என்னும் கட்டற்ற மென்பொருள் உதவும். விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றின் பயன்பாட்டைக் கணக்கிட்டு, சிறு இடைவேளைகளையும் நீண்ட இடைவேளைகளையும் அது நினைவூட்டும். தேநீர் இடைவேளையும் நல்ல ஓய்வே; ஆனால் தேநீர்க் குவளை ஒரு கையிலும் கைப்பேசி மறு கையிலுமாக நிற்பவரின் பெருவிரலுக்கு அது ஓய்வாகாது. மணிக்கட்டை மெல்ல மேலும் கீழும் வளைத்தல், தோளைச் சுழற்றுதல் போன்றவற்றைச் செய்யலாம். வலிக்கும்வரை இழுத்து நீட்டுதல் தீங்கானது.

மாற்றுச் சாதனங்கள்

கைகுலுக்கும் நிலையில் பிடிக்கும் செங்குத்துச் சுட்டி, முன்கை முறுக்கிக் கவிழ்ந்திருப்பதைக் குறைக்கின்றது. உருள்பந்துச் சுட்டியில் கை நகர்வதில்லை. ஆனால் சில வகைகளில் வேலை முழுதும் பெருவிரலுக்குப் போகின்றது. வடிவமைப்பாளர்களுக்கு எழுதுகோல் பலகை ஏற்றது. அலுவலகப் பணியாளர்களின் கை, கழுத்துத் தொல்லைகளைத் தடுக்கும் முறைகளைப் பற்றி 2018 ஆம் ஆண்டில் வெளியான காக்ரேன் திறனாய்வு, முன்கைத் தாங்கியும் இயல்புநிலைச் சுட்டியும் சேர்ந்து கழுத்து, தோள் தொல்லைகளைக் குறைக்கக்கூடும் என்று கண்டது. பிற சாதனங்களுக்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஆகவே புதிய சுட்டி வாங்குவது முதற்படி அன்று. இருக்கும் சுட்டியை அருகில் இழுத்து வைத்துப் பார்த்தபின் எண்ண வேண்டியதாகும்.

மருத்துவரை அணுக வேண்டிய நிலைகள்

வேலை முடிந்ததும் நீங்கிவிடும் களைப்பு எச்சரிக்கை மட்டுமே. மறுநாள் காலையிலும் நீடித்தால் பழக்கத்தை மாற்ற வேண்டும். விரல்கள் மரத்து இரவில் உறக்கம் கலைதல், கையை உதறினால் தணிதல், குவளை போன்றவை கையிலிருந்து நழுவுதல், பெருவிரலின் அடிச்சதை மெலிதல் ஆகியவை நடு நரம்பு அழுத்தத்தின் அறிகுறிகளாகும். இவற்றில் சதை மெலிதல் தாமதமான அறிகுறி. அதுவரை காத்திருத்தல் கூடாது. சுண்டுவிரல் மரத்துப்போனால் சிக்கல் மணிக்கட்டுக் குகையில் இல்லை. முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றுவதாலோ நெடுநேரம் மடக்கி வைத்திருப்பதாலோ அங்குள்ள நரம்பு அழுந்தியிருக்கலாம். பெருவிரலின் அடியில், மணிக்கட்டின் பக்கவாட்டில் வரும் வலி டி குவெர்வெய்ன் நோயாக இருக்கலாம்.

நீரிழிவு, தைராய்டுச் சுரப்புக் குறைவு, கருவுற்றிருத்தல் ஆகியவை மணிக்கட்டுக் குகை நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுவதால் மருத்துவரிடம் அவற்றைக் கூற வேண்டும். தொடக்க நிலையில், உறங்கும்போது மணிக்கட்டை நேராக வைக்கும் அணைவரிச்சல் பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகின்றது. தேவையானால் நரம்புக் கடத்தல் சோதனையும், முற்றிய நிலையில் குகையின் தசைநாரைப் பிரித்துவிடும் சிறிய அறுவையும் செய்யப்படும். வலி மாத்திரையை விழுங்கிவிட்டு அதே மேசையில் அதே வேலையைத் தொடர்வது மருத்துவமாகாது. தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ளோர் கோவை சிங்காநல்லூரில் உள்ள ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையை நாடலாம்.

சட்டமும் பதிவும்

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010 ஆம் ஆண்டில் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில், திரும்பத் திரும்ப விசையோடு செய்யும் வேலையால் வரும் மணிக்கட்டுக் குகை நோயும், மணிக்கட்டுத் தசைநாண் அழற்சிகளும் இடம் பெற்றுள்ளன. இந்தியாவின் 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில், அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் அட்டவணையில் பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் நோய் இருந்தது; சுட்டியால் வரும் கைவலி இல்லை. கோவையின் பஞ்சாலைத் தொழிலாளியின் நுரையீரலுக்குச் சட்டத்தில் கிடைத்த இடம், அதே ஊரின் வரைவாளரின் மணிக்கட்டுக்குக் கிடைக்கவில்லை. எனவே வலி தொடங்கிய நாள், அன்றாடம் சுட்டி இயக்கும் மணிநேரம், மேசையின் அமைப்பு ஆகியவற்றைப் பணியாளர் தாமே எழுதி வைத்து, மருத்துவரின் குறிப்போடு நிறுவனத்திற்கு எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும்.